அணையாத் தீயும் அறுவர் கன்னியரும்

உரோம நாட்டு வரலாற்றை எழுதிய அறிஞர்கள் வெசுதா கன்னியரைப் பற்றிக் கூறுங்கால் பெரும்பாலும் இரு நெறிகளுள் ஒன்றினை மேற்கொள்வர். தந்தைக்கும் கணவனுக்கும் அடங்கி வாழ்ந்த உரோமப் பெண்டிரிடையே தம் சொத்தினைத் தாமே ஆளும் உரிமை பெற்றுத் தனிப் பெருமையுடன் விளங்கியோர் இவரே எனப் போற்றுவது ஒரு நெறி. கற்பினின்றும் வழுவியதாகக் குற்றஞ்சாட்டப்பெற்று உயிரோடு நிலவறையில் அடைக்கப்பட்ட அளியர் என இரங்குவது மற்றொரு நெறி. இரண்டிற்கும் சான்று உண்டு. ஆயினும், உரிமையை ஓர் இயலிலும் கொடுமையைப் பிறிதோர் இயலிலும் வைத்துப் பேசும் இம்முறை அவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொடர்பினை மறைத்துவிடுகின்றது. கன்னியர்க்கு உரிமை எதனால் வந்ததோ அதனாலேயே நிலவறையும் வந்தது என்பது நம் கருத்து. அதற்குரிய சான்றுகளை ஈண்டு நோக்குவோம்.

வெசுதா என்பாள் அடுப்புத் தீயின் தெய்வம். இல்லந்தோறும் எரிந்த தீ அவளே. உரோம நகர் முழுவதையும் ஓர் இல்லமாகக் கொண்டால், அவ்வில்லத்தின் அடுப்பு நகர்மன்றத்தின் ஒரு புறத்தே இருந்த வட்ட வடிவான கோயிலில் எரிந்தது. அக்கோயிலினுள் தெய்வத் திருவுருவம் யாதும் இல்லை. உருவம் உண்டென்றே தாம் நெடுநாள் எண்ணியிருந்ததாகவும் உண்மையைப் பின்னரே அறிந்ததாகவும் ஒவிது என்னும் புலவர் 'பாசுதி' என்னும் தம் நூலில் ஒப்புக்கொள்கின்றார். தீயே தெய்வமாக இருந்தது. ஆண்டுதோறும் மார்ச்சு முதல் நாளில், அஃதாவது பழைய உரோம ஆண்டின் தொடக்கத்தில், அத்தீ புதுப்பிக்கப்பட்டது. இவ்வழிபாட்டினை நகரில் நிறுவியவன் நூமா என்னும் அரசன் என்பது இலிவி, புளூட்டார்க்கு முதலியோர் தரும் மரபு. முதலில் இருவரும் பின்னர் நால்வருமாக இருந்த கன்னியரின் தொகை மன்னராட்சிக் காலத்திலேயே ஆறாயிற்று என்பர். நகரை நிறுவிய உரோமுலசின் தாய் இரேயா சில்வியாவும் அல்பா நகரத்து வெசுதா கன்னியே என்பது பழங்கதை. இவற்றை எழுதி வைத்தோர் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர் ஆதலின், மன்னர் காலத்துச் செய்திகளை வரலாறு என்று கொள்ளாமல், உரோமர் தம்மைப் பற்றித் தாமே நம்பியிருந்த கதை என்று கொள்ளுதலே நேரிது.

கன்னியரைத் தேர்ந்தெடுத்த முறையில்தான் நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய முதற் குறிப்புக் கிடைக்கின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான ஆலசு கெல்லியசு இதனை விரிவாகத் தொகுத்துள்ளார். சிறுமி ஆறு அகவைக்குக் குறையாமலும் பத்து அகவைக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். தாய் தந்தையர் இருவரும் உயிருடன் இருத்தல் வேண்டும். பேச்சிலும் கேள்வியிலும் குறையோ உடலில் ஊனமோ இருத்தல் ஆகாது. பெற்றோர் அடிமையாக இருந்தவராகவோ இழிதொழில் செய்பவராகவோ இருத்தல் கூடாது. பாப்பியச் சட்டத்தின்படி, தலைமைக் குரு இருபது சிறுமியரைத் தெரிந்தெடுக்க, அவருள் ஒருத்தி திருவுளச்சீட்டால் தேரப்படுவாள். பின்னர்த் தலைமைக் குரு அவள் கையைப் பற்றி, 'அமாத்தா' என்று அழைத்து, தந்தையிடமிருந்து அவளைக் கொண்டு செல்வார். இச்செயலுக்கு உரோமர் வழங்கிய பெயர் 'காப்தியோ' என்பது. 'கைப்பற்றுதல்' என்பதே அதன் நேர்பொருள். போரில் சிறைபிடிக்கப்பட்ட ஒருத்தியை வென்றவன் கொண்டு செல்வது போலச் சிறுமி கொண்டு செல்லப்பட்டமையால் அச்சொல் ஏற்பட்டது என்று கெல்லியசே விளக்கந் தருகின்றார். சமயத் தொண்டிற்கு ஒருவரைத் தேர்வதற்கு 'ஏற்றல்', 'அமர்த்துதல்' போன்ற சொற்கள் இருக்கவும், போர்க்களத்துச் சொல் வழங்கியது எண்ணத்தக்கது.

கையைப் பற்றிய அந்நொடியிலேயே சிறுமி தந்தையின் ஆட்சியினின்றும் நீங்கினாள். உரோமச் சட்டத்தில் தந்தையின் ஆட்சி என்பது மிகக் கடுமையானது. தந்தை உயிருடன் உள்ளவரையில் நரை முதிர்ந்த மகனும் தனக்கெனச் சொத்துடையன் ஆகான். மகள் திருமணத்தால் கணவனின் ஆட்சிக்குட் செல்லக்கூடும். ஓர் ஆட்சியினின்று மற்றோர் ஆட்சிக்கு மாறுவதே பெண்ணின் வாழ்வாக இருந்தது. வெசுதா கன்னி ஒருத்தியே தந்தையை விட்டு நீங்கியும் வேறொருவன் ஆட்சிக்கு உட்படாதவள். விடுதலைச் சடங்கு யாதும் இன்றியே இந்நிலை அவளுக்கு வந்தது. இறுதி முறி எழுதும் உரிமையும் உடன் வந்தது. பெண் உரிமையை ஆராய்வோர் மகிழ்ந்து எடுத்துக்காட்டும் இடம் இது. ஆனால் அவர் பெரும்பாலும் அடுத்த வரியைப் படிப்பதில்லை. இலாபியோ என்னும் சட்ட அறிஞரின் கூற்றைக் கெல்லியசு அங்கேயே தருகின்றார். முறி எழுதாது இறந்த உறவினர் எவருக்கும் கன்னி வழியுரிமையாளர் ஆகாள். முறி எழுதாது அவள் இறந்தால் உறவினர் எவரும் அவளுக்கு வழியுரிமையாளர் ஆகார். அவள் உடைமை பொதுக் கருவூலத்தைச் சேரும். தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் உயிருடன் இருக்கவே, சட்டத்தின் கண்ணில் அவள் உறவற்றவள். மகள் இறந்தால் பொருள் தந்தையைச் சேரும் என்பது இயல்பாயின், இவளுடைய பொருளைப் பெற்ற நகரம் இவளுக்கு என்ன உறவு என்பது வினா.

அவளது கோலமும் இதனையே காட்டுகின்றது. மணநாளில் மட்டும் மணமகள் பின்னிக்கொள்ளும் ஆறு புரிக் கூந்தலைக் கன்னி எந்நாளும் பின்னியிருந்தாள். மணமான குலமகளிர்க்குரிய நீளாடையையும் அணிந்தாள். மகள், மணமகள், மனைவி ஆகிய மூவர் நிலையும் அவளிடத்து ஒருங்கே தோன்றின. மூவருள் ஒருத்தியாகவும் அவள் இல்லை.

முப்பது ஆண்டு அவளது பணிக்காலம். முதற் பத்து ஆண்டு கற்றல், அடுத்த பத்து ஆண்டு செய்தல், இறுதிப் பத்து ஆண்டு இளையோர்க்குக் கற்பித்தல் என்பது புளூட்டார்க்கு கூறும் பகுப்பு. பணி என்றவுடன் தீ காத்தல் ஒன்றையே நாம் நினைக்கின்றோம். உண்மையில் அவர் செய்தவை ஓர் இல்லத்து மகளிர் செய்யும் அடுக்களை வேலைகளே. மே மாதம் 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை ஒன்றுவிட்ட நாள்களில் மூத்த கன்னியர் மூவர் 'பார்' என்னும் பழங்கோதுமையின் கதிர்களைக் கொய்து கூடைகளில் இடுவர். அவற்றைத் தாமே வறுத்து, இடித்து, அரைத்து மாவாக்குவர். உப்பினை உரலில் இடித்து, மட்கலத்தில் இட்டு, சூளையில் சுட்டு, இறுகிய கட்டியை இரும்பு ஈர்வாளால் அறுப்பர். ஆண்டுக்கு மும்முறை, பிப்ரவரியில் இலூப்பர்காலியா விழாவிலும் சூன் 9-ஆம் நாள் வெசுதாலியா விழாவிலும் செப்டம்பர் 13-ஆம் நாளிலும், மாவையும் உப்பையும் கலந்து 'மோலா சால்சா' என்னும் உப்புமாவு செய்வர். (நம் சிற்றுண்டியை ஈண்டு நினைத்தல் வேண்டா; சொல்லின் நேர்பொருள் அதுவே.) இவ்வேலைகளுக்கு வேண்டிய நீர் ஊற்றிலிருந்து கொணரப்பட்டது, கொணர்ந்த குடத்தை நிலத்தில் வைத்தல் ஆகாது.

சிறு வேலையாகத் தோன்றும் இதன் பயன் பெரிது. உரோம அரசு நிகழ்த்திய பலி ஒவ்வொன்றிலும் விலங்கின் தலையில் இவ்வுப்புமாவு தூவப்பட்டது. பலியிடுதலைக் குறிக்கும் 'இம்மோலாரே' என்னும் இலத்தீன் வினைச்சொல் 'மோலா'வின் அடியாகப் பிறந்ததே. மாவு தூவுதல் என்பதே அதன் முதற்பொருள். படை புறப்படுமுன் தலைவன் இடும் பலியும், அவன் வெற்றியுடன் மீண்டு இடும் பலியும் இவ்வறுவர் அரைத்த மாவினால் நிறைவெய்தின. எனவே அவர் கை தூய்தாக இருந்தால்தான் நகரின் வழிபாடு முழுவதும் தூய்தாகும். இதன் மறுதலையும் உண்மை என்பதை உரோமர் மறந்தாரல்லர்.

கன்னியர் பெற்ற சிறப்புகள் பலராலும் எழுதப்பட்டுள்ளமையின் சிலவே கூறுவோம். தண்டேந்திய காவலன் முன் செல்ல அவர் தெருவில் நடந்தனர். கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லப்படும் குற்றவாளி ஒருவன் தற்செயலாக எதிர்ப்பட்டால் உயிர் பிழைத்தான். சூலியசு சீசரின் இறுதி முறியும் அகசுதசின் இறுதி முறியும் இவரிடத்தே காப்பில் இருந்தன. சுல்லாவின் சினத்தினின்று இளைஞனான சீசரைக் காக்கப் பரிந்து பேசியோருள் இவரும் உளர். கி.பி. 48-இல் பேரரசி மெசலீனா மீது குற்றம் எழுந்தபோது, கேளாமலே அவளைக் கொல்லற்க என்று பேரரசன் கிளாடியசிடம் வேண்டியவர் கன்னியருள் மூத்தவரான விபிதியா. அவ்வேண்டுகோளால் பயன் விளையவில்லை என்பது வேறு.

இத்துணைப் பெருமை இருந்ததாயின், உரோமத் தந்தையர் தம் மகளிரை விரும்பிக் கொடுத்தனரா? இல்லை. தம் மகளிர் சீட்டில் வாராதவாறு பலர் முயன்றனர் என்றும், தம் பெயர்த்தியருள் உரிய அகவையினள் ஒருத்தி இருந்தால் தாமே கொடுத்திருப்பதாக அகசுதசு ஆணையிட்டுக் கூறினார் என்றும் சுவெத்தோனியசு எழுதுகின்றார். கி.பி. 5-இல், விடுதலை பெற்ற அடிமைகளின் மகளிரையும் ஏற்கலாம் என விதி தளர்த்தப்பட்டது. கி.பி. 19-இல் இருவர் தாமே முன்வந்து மகளிரைக் கொடுத்தபோது, தேரப்படாத சிறுமிக்குப் பேரரசன் தைபீரியசு பத்து இலட்சம் செசுதர்சு மணக்கொடையாக அளித்தான் என்று தாசிதசு குறிக்கின்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கன்னியான கொர்னேலியா என்னும் சிறுமிக்கு அளிக்கப்பட்டது இருபது இலட்சம். கொடுப்பார் அருகியமையின் கொடை பெருகியது. முப்பது ஆண்டு கழிந்தபின் வெளியேறி மணந்துகொள்ளலாம் என்று விதி இருந்தும், வெளியேறியோர் மிகச் சிலர். ஓக்கியா என்பவர் ஐம்பத்தேழு ஆண்டு தலைமை தாங்கி அங்கேயே இறந்தார். ஆறு அகவையில் பிறந்த வீட்டினின்று பெயர்த்தெடுக்கப்பட்டவள் முப்பத்தாறு அகவையில் எவ்வீட்டிற்குத் திரும்புவாள்?

இனிக் குற்றத்திற்கு வருவோம். கன்னி இரு வகையால் தவறக்கூடும். ஒன்று, தீ அணைதல். கி.மு. 206-இல் அவ்வாறு அணைந்தது. காவலில் இருந்த கன்னி தலைமைக் குருவின் ஆணையால் கசையடி பட்டாள், பலியும் பொது வழிபாடும் நிகழ்ந்தன, அவ்வளவில் முடிந்தது. மற்றொன்று, கற்பு வழுவுதல். தெய்வமே ஆகிய தீ அணைந்ததற்குக் கசையடி போதுமாயின், மற்றதற்கு மட்டும் நிலவறை ஏன்?

விடை அக்குற்றத்தின் பெயரில் உள்ளது. உரோமர் அதனை 'இன்செசுதும்' என்றனர். 'காசுதுசு' என்றால் தூயது. அதன் எதிர்மறையே இச்சொல். ஆயின் இலத்தீன் சட்ட வழக்கில் இச்சொல்லுக்குத் திட்டமான பொருள் ஒன்று உண்டு. தந்தை மகள், உடன்பிறந்தார் போன்ற, மணத்திற்கு விலக்கப்பட்ட உறவினர் கூடும் கூட்டமே அது. பிறன்மனை நயத்தலுக்கோ மணமாகாப் பெண்ணைக் கெடுத்தலுக்கோ இச்சொல் வழங்காது. எவனோ ஒரு குடிமகன் கன்னியுடன் கூடினால், அஃது உறவினர் கூட்டமாவது எங்ஙனம்? நகரமே அவள் குடும்பம் என்று கொண்டாலன்றி இச்சொல்லாட்சி விளங்காது. குருதி உறவு அனைத்தையும் அறுத்து அவளை எடுத்துக்கொண்ட நகரம் அவளுக்குத் தந்தையாயிற்று. குடிமக்கள் ஒவ்வொருவரும் உடன்பிறந்தார் ஆயினர். இறந்தபின் அவள் பொருள் பொதுக் கருவூலத்தைச் சேர்ந்ததன் காரணமும் இதுவே. உரிமையும் குற்றமும் ஒரு வேரின என்று நாம் தொடக்கத்தில் கூறியது இக்கருத்துப் பற்றியே.

தண்டனையின் இயல்பைப் புளூட்டார்க்கு வருணிக்கின்றார். கொல்லினா வாயிலின் அருகே, மதிலுக்கு உட்புறத்தே, நிலத்தின்கீழ்ச் சிறிய அறை ஒன்று அமைக்கப்படும். படுக்கை, ஏற்றிய விளக்கு, சிறிது அப்பம், நீர், பால், எண்ணெய் ஆகியன அதனுள் வைக்கப்படும். குரல் வெளியே கேளாதவாறு மூடிய பல்லக்கில் கன்னி நகர்மன்றத்தின் வழியே கொண்டு செல்லப்படுவாள். மக்கள் பேசாது வழிவிடுவர். தலைமைக் குரு வானை நோக்கிக் கைகளை உயர்த்தி மறைமொழி கூறி, முக்காடிட்ட அவளை ஏணியில் நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் இறங்கியபின் ஏணி எடுக்கப்படும். மண் இட்டு நிலம் சமன் செய்யப்படும். உடன்பட்ட ஆடவனோ அவைக்களத்தில் அனைவர் காணவும் அடித்துக் கொல்லப்படுவான். அவனுக்கு நிகழ்வது கொலைத் தண்டனை. அவளுக்கு நிகழ்வதில் கொன்றவர் எவரும் இலர். உணவும் விளக்கும் உள்ள அறையில் அவள் விடப்பட்டாள், அவ்வளவே. தந்தையாகிய நகரம் தன் கையால் மகளைக் கொன்றதாகாமல் தெய்வத்திடம் ஒப்படைத்துவிட்டது என்பது சடங்கின் கருத்தாதல் வேண்டும்.

எப்பொழுது இவ்வாறு நிகழ்ந்தது என்று பார்த்தல் இன்றியமையாதது. கி.மு. 483-இல் போரும் உட்பூசலும் தீக்குறிகளும் தொடர்ந்தபின், ஒப்பியா என்னும் கன்னி தண்டிக்கப்பட்டாள். கி.மு. 216-இல் கன்னே போர்க்களத்தில் அன்னிபாலிடம் உரோமப் படை அழிந்தது. இலிவியின் கணக்குப்படி ஒரே நாளில் மாண்டவர் ஏறத்தாழ 48,000 பேர். அவ்வாண்டிலேயே ஒப்பிமியா, புளோரோனியா என்னும் கன்னியர் இருவர் குற்றவாளிகள் எனக் கண்டறியப்பட்டனர். ஒருத்தி புதைக்கப்பட்டாள், மற்றவள் தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டாள். இத்துணை அழிவுகளிடையே நிகழ்ந்தமையால் அக்குற்றம் தீக்குறியாகக் கொள்ளப்பட்டது என்று இலிவியே எழுதுகின்றார். இதனை அடுத்து, காலிய நாட்டு ஆண் பெண் இருவரும் கிரேக்க ஆண் பெண் இருவரும் மாட்டுச் சந்தையில் உயிரோடு புதைக்கப்பட்டனர். இப்பின்னைய செயலை உரோமர் நெறிக்குச் சற்றும் பொருந்தாதது என்று இலிவி வெறுத்துரைக்கின்றார். சில வரிகளுக்கு முன் கன்னி புதைக்கப்பட்டதை அவர் அங்ஙனம் கூறவில்லை. ஆசிரியர் எதனைக் கண்டு வெறுத்தார் என்பதைப் போலவே எதனைக் கண்டு வெறுக்கவில்லை என்பதும் வரலாற்றுச் சான்றாகும்.

கி.மு. 114-இல் உரோமப் படை திரேசு நாட்டில் தோற்றது. எல்வியா என்னும் பெண் குதிரைமேற் செல்கையில் இடி விழுந்து இறந்தாள். குறி பார்ப்போர் இதனைக் கன்னியர்க்கு நேர்ந்த இழுக்கின் அறிகுறி என்றனர். எமிலியா, இலிசீனியா, மார்சியா ஆகிய மூவர் மேல் வழக்கு எழுந்தது. குருமார் எமிலியா ஒருத்தியையே குற்றவாளி எனக் கண்டு ஏனைய இருவரையும் விடுவித்தனர். மக்கள் அமைதியுறவில்லை. மறு ஆண்டு பெதுசேயசு என்னும் மக்கள் தலைவர் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்ற, இலூசியசு காசியசு தலைமையில் சிறப்பு மன்றம் அமைந்தது. விடுவிக்கப்பட்ட இருவரும் தண்டிக்கப்பட்டனர். எவ்வழக்கிலும் 'இதனால் யாருக்குப் பயன்?' என்று கேட்கும் வழக்கமுடையவர் எனச் சிசரோ குறிக்கும் காசியசு இவரே. அவ்வினாவை அவர் இவ்வழக்கில் கேட்டிருந்தால் விடை எளிதில் கிடைத்திருக்கும்.

எனினும் எல்லா வழக்கும் இவ்வாறு முடிந்தன என்று கூறின் அது மிகையாகும். கி.மு. 420-இல், உடையிலும் பேச்சிலும் அடக்கம் குறைந்தவள் என ஐயுறப்பட்ட பொசுதூமியா அறிவுரையுடன் விடுவிக்கப்பட்டாள். கி.மு. 73-இல் சிசரோவின் மனைவியின் உடன்பிறந்தாளான பாபியாவும், அவளைப் போன்றே இலிசீனியா என்னும் மற்றொரு கன்னியும் விடுதலை பெற்றனர். இவ்விலிசீனியாவைச் செல்வர் கிராசசு அடிக்கடி சென்று கண்டது அவளது தோட்டத்தைக் குறைந்த விலைக்கு வாங்குதற்பொருட்டே என்று மெய்ப்பிக்கப்பட்டதாம். பொருளாசை ஒரு பெண்ணின் உயிரைக் காத்த அரிய நிகழ்ச்சி இது. நகரம் அஞ்சாதிருந்த காலத்தில் சான்று கேட்கப்பட்டது. அஞ்சிய காலத்தில் சான்றின் இடத்தை அச்சமே கொண்டது. கன்னியர் நகரின் பிணையாக இருந்தனர் என்பது இதனால் போதரும். தெய்வத்தோடு நகரம் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு அவர் உடலே ஈடு. உடன்படிக்கை குலைந்ததாகத் தோன்றியபோது ஈடு சோதிக்கப்பட்டது.

இதனைக் கன்னி ஒருத்தியே உணர்ந்திருந்தாள் என்பதற்குப் பிளினியின் கடிதம் ஒன்று சான்று. கி.பி. 90 அளவில் பேரரசன் தொமித்தியன், தலைமைக் குரு என்னும் முறையில், மூத்த கன்னி கொர்னேலியாவின்மேல் குற்றஞ்சாட்டினான். குருமாரை நகர்மன்றத்தை அடுத்த மரபான இடத்தில் கூட்டாமல் தன் அல்பா மாளிகையில் கூட்டி, அவளை அழையாமலும் கேளாமலும் தீர்ப்பளித்தான். தன் தமையன் மகளோடு தானே இன்செசுதும் புரிந்த ஒருவன் கன்னியை இன்செசுதும் என்னும் குற்றத்திற்காகத் தண்டித்தான் என்று பிளினி சினந்து எழுதுகின்றார். இரு குற்றத்திற்கும் ஒரே சொல்லை ஒரே தொடரில் அவர் ஆண்டிருப்பது மேலே நாம் கூறிய சொல்லாராய்ச்சிக்குத் துணையாகின்றது. கொண்டு செல்லப்படும் வழியெல்லாம் கொர்னேலியா தெய்வங்களை நோக்கிக் கைநீட்டி ஒன்றையே திரும்பத் திரும்பக் கூறினாள். தான் சடங்கு செய்த காலத்தில்தான் பேரரசன் போரில் வென்று வெற்றி விழாக் கொண்டாடினான். அங்ஙனமிருக்கத் தான் கெட்டவள் என அவன் கருதுவது எவ்வாறு என்பதே அவள் வினா. அவள் முகமன் கூறினாளா, எள்ளினாளா என்று பிளினிக்கு விளங்கவில்லை. நமக்கு இஃது இரண்டும் அன்று. பிணைப்பொருள் கெடவில்லை என்பதற்கு நகரின் வெற்றியையே அவள் சான்று காட்டினாள். தோல்வியால் கன்னியைக் குற்றவாளி ஆக்கலாமாயின், வெற்றியால் அவளை விடுவிக்கவும் வேண்டுமன்றோ? அவ்வினாவிற்கு விடை கூறுவார் இலர். நிலவறையில் இறங்குகையில் அவளது மேலாடை சிக்கிக்கொண்டது. திரும்பி அதனைத் தொகுத்துக்கொண்டாள். கொலையாளி கை கொடுக்க முன்வந்தபோது, அக்கை தன்மேல் படாதவாறு விலகினாள்.

தீ மேலும் முந்நூறு ஆண்டு எரிந்தது. கி.பி. 382-இல் பேரரசன் கிரேசியன் கன்னியர்க்குரிய மானியத்தை நிறுத்தினான். அடுத்து வந்த பஞ்சம் இச்செயலின் விளைவே என்று கி.பி. 384-இல் சிம்மாக்கசு பேரரசனுக்கு முறையிட்டார். எழுவர் கன்னியரைக்கூடப் பரிசும் சிறப்பும் காட்டியே சேர்க்க வேண்டியுள்ளதே என்று மிலான் நகர ஆயர் அம்புரோசு மறுத்தார். கொள்கையில் முரண்பட்ட இருவரும் பேசியது ஒரே வழக்கைப் பற்றியே: ஆறேழு பெண்களின் தூய்மையை நம்பி ஒரு பேரரசு நிற்கக்கூடுமா என்பது. தியோடோசியசின் ஆட்சியில், கி.பி. 394-ஐ ஒட்டி, தீ அணைந்தது.

அதன்பின் தியோடோசியசின் தமையன் மகளும் படைத்தலைவன் சுதிலிக்கோவின் மனைவியுமாகிய செரீனா, பெருந்தாய்த் தெய்வத்தின் கோயிலுட் புகுந்து, தெய்வத் திருவுருவின் கழுத்திலிருந்த ஆரத்தை எடுத்துத் தான் அணிந்துகொண்டாள் என்று சோசிமசு என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் கூறுகின்றார். வெசுதா கன்னியருள் எஞ்சியிருந்த முதியவள் ஒருத்தி அங்கு வந்து அவளை இடித்துரைத்தாள். செரீனா தன் ஏவலரைக் கொண்டு அவளை வெளியே துரத்தினாள். கி.பி. 408-இல் அலாரிக்கு உரோம நகரை முற்றுகையிட்டபோது, பகைவனுக்கு நகரைக் காட்டிக்கொடுப்பாள் என்று ஐயுற்று, ஆட்சிமன்றத்தார் செரீனாவின் கழுத்தை நெரித்துக் கொல்வித்தனர். அவள் அக்குற்றம் செய்யாதவள் என்று சோசிமசே எழுதுகின்றார். அவள் இறந்தபின்னும் அலாரிக்கு முற்றுகையை விடவில்லை.